பொத்தானைத் தேடும் கண்

கைப்பேசியில் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ விளையாடும் பிள்ளையிடம், “ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். தலையைத் தூக்காமலேயே விரலால் தொட்டுக் காட்டும். அதே கேள்வியை அந்தக் கைப்பேசியிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. பொத்தானைத் திரையில் ஒளிரவைப்பதே அந்தக் கருவிதான். இருந்தும் தெரியாது.

இது எப்படி என்று புரிய, சாதாரணச் செயலி ஒன்றையும் விளையாட்டு ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வங்கிச் செயலியில் ‘அனுப்பு’ என்றொரு பொத்தான் இருந்தால், அதன் விவரம் கைப்பேசியின் இயங்குதளத்திடம் பதிவாகியிருக்கும். அதன் பெயர், இடம், நீள அகலம், இப்போது அழுத்தலாமா கூடாதா என்பதெல்லாம் ஒரு பட்டியலாக உள்ளே இருக்கும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ‘திரைவாசிப்பான்’ மென்பொருள் அந்தப் பட்டியலைத்தான் குரலாக மாற்றிச் சொல்கிறது.

விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் என்ஜின்கள் இயங்குதளத்திடமிருந்து ஒரு வெற்றுச் சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்குள் எல்லாவற்றையும் தாங்களே தீட்டிக்கொள்கின்றன. மலை, வாள், வீரன், பொத்தான் எல்லாமே ஒரே ஓவியத்தின் பகுதிகள். பல விளையாட்டுகளில் விநாடிக்கு 60 முறை அந்த ஓவியம் அழித்து வரையப்படுகிறது. எது பொத்தான், எது புல் என்பது விளையாட்டுக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து பார்க்கும் வேறெந்த மென்பொருளுக்கும் அது வண்ணப் புள்ளிகளின் குவியல்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போயிருப்பவர்கள் நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகளைப் பார்த்திருப்பார்கள். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. கைத்தடியின் நுனியும் காலடியும் அந்த ஓடுகளை உணர்ந்தால் போதும், எங்கே நேராகப் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். சாதாரணச் செயலி, ஓடு பதித்த நடைபாதை. இணைய விளையாட்டு, ஓடு பதிக்காத சாலை.

அந்தச் சாலையில் வெளியாள் ஒருவர் பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மனிதக் கண் செய்வதைப் போலப் படத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும். அப்படித் தேடித் தரும் மென்பொருள்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. விளையாட்டைச் சோதிப்பவர்களுக்கு அவை வேண்டும். பார்வையோ கையசைவோ குறைந்தவர்களுக்கும் வேண்டும். ஏமாற்றி ஆட நினைப்பவர்களுக்கும் வேண்டும். எல்லாருக்கும் கருவி ஒன்றுதான் என்பதில்தான் சிக்கலே ஆரம்பமாகிறது.

கடவுளின் கண்

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தைச் சேர்ந்த சுங்-சியாங் சாங், டாம் யே, ராப் மில்லர் ஆகியோர் ‘சிக்குலி’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். மெக்சிகோவின் ஹுய்ச்சோல் பழங்குடி மக்களின் மொழியில் அதற்குக் ‘கடவுளின் கண்’ என்று பொருள். பெயர் பெரிதாக இருந்தாலும் யோசனை எளிமையானது. அதுவரை கணினியிடம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டுமானால் அதன் உட்பெயரையோ, திரையில் அது இருக்கும் இடத்தின் எண்களையோ எழுத வேண்டும். சிக்குலியில் அந்தப் பொத்தானைப் படம் பிடித்து, படத்தையே நிரல் வரிக்குள் ஒட்டிவிடலாம். “இதைப் போல ஒன்று திரையில் எங்கே இருந்தாலும் அழுத்து” என்பதுதான் கட்டளை.

விளையாட்டுத் துறைக்கு இது எவ்வளவு தேவை என்பதைச் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனம் காட்டியது. அது உருவாக்கிய ‘ஏர்டெஸ்ட்’ என்னும் கருவி, 2018ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் கூகிள் நிறுவனத்தோடு சேர்ந்து அறிமுகப்படுத்தப்பட்டது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. இணைய விளையாட்டு ஒன்று அடிக்கடி புதுப்பிக்கப்படும். அது நூற்றுக்கணக்கான கைப்பேசி வகைகளில் ஓட வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் கடை திறக்கிறதா, பரிசுப் பெட்டி வருகிறதா, நண்பரை அழைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்று ஒருவர் அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. சலித்துப்போன கண் தவறவிடும். ஏர்டெஸ்ட் அந்த வேலையைப் படம் பார்த்தே செய்கிறது.

அதோடு ‘போகோ’ என்ற துணைக் கருவியும் வந்தது. விளையாட்டை எழுதியவர்கள் ஒரு சிறு நிரல் துண்டை உள்ளே வைத்துவிட்டால், போகோ பொத்தான்களின் பெயர்ப் பட்டியலை நேராகவே வாங்கிக்கொள்ளும்; படத்தில் தேடத் தேவையில்லை. உள்ளே இருப்பவர்கள் ஓடு பதித்துக் கொடுத்தால் போகோ, கொடுக்காவிட்டால் ஏர்டெஸ்டின் கண். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நகர்த்து, ஒப்பிடு, மதிப்பெண் போடு

படத்தில் பொத்தானைத் தேடுவது எப்படி? மிகப் பழைய, இன்றும் அதிகம் பயன்படும் முறை, மாதிரிப் படத்தைப் பொருத்திப் பார்ப்பது. இன்டெல் நிறுவனம் 1999இல் தொடங்கிய ‘ஓப்பன்சிவி’ என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பள்ளி மாணவர்கள்கூட அதை வைத்து விளையாடிப் பார்க்கலாம்.

பொத்தானின் சிறு படத்தைத் திரைப் படத்தின் இடது மேல் மூலையில் வைக்க வேண்டும். சிறு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அடியில் இருக்கும் புள்ளியோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போட வேண்டும். பிறகு ஒரே ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி மறுபடியும் அதே கணக்கு. வரி முடிந்ததும் அடுத்த வரி. திரை முழுதும் முடிந்த பிறகு, எங்கே மதிப்பெண் உச்சத்தில் இருக்கிறதோ அங்கேதான் பொத்தான்.

கேட்க எளிது. கணக்கைப் போட்டால் மலைப்பு வரும். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் 20 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் இருக்கின்றன. பொத்தான் 100-க்கு 40 என்று வைத்துக்கொண்டால் அதில் 4,000 புள்ளிகள். அந்தச் சிறு படத்தை வைத்துப் பார்க்கக்கூடிய இடங்கள் 18,95,661. ஒவ்வோர் இடத்திலும் 4,000 ஒப்பீடு என்றால் மொத்தம் ஏறக்குறைய 758 கோடி. அதுவும் ஒரே ஒரு பொத்தானுக்கு, ஒரே ஒரு நொடிப்பொழுதின் படத்துக்கு.

இதைக் குறைக்க உத்திகள் உண்டு. வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் படமாக்கினால், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்ணுக்குப் பதிலாக ஓர் எண் போதும். திரையையும் பொத்தானையும் நீள அகலத்தில் கால்வாசியாகச் சுருக்கினால், பார்க்க வேண்டிய இடங்கள் 16 மடங்கு குறையும். ஒவ்வோர் இடத்திலும் ஒப்பிடும் புள்ளிகளும் 16 மடங்கு குறையும். ஆக 256 மடங்கு மிச்சம். 758 கோடி என்பது 3 கோடிக்குள் வந்துவிடும். சுருக்கிய படத்தில் தோராயமாக இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, முழுப் படத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தை மட்டும் நுணுக்கமாகப் பார்த்தால் போதும்.

இன்னோர் உத்தியை நம் தோட்டப்புற மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மந்தின், நீலாய்ப் பக்கத் தோட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரம் சீவப் போனவர்கள், ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து நுனிவரை ஆராய்ந்துகொண்டா இருந்தார்கள்? கடைசியாக வெட்டிய கோடு எங்கே இருந்தது என்பது கைக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் நேராக அங்கே போகும். மென்பொருளும் அதையே செய்கிறது. சற்று முன் பொத்தான் இருந்த இடத்தைச் சுற்றி முதலில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் திரை முழுதும் தேடும்.

எங்கே சறுக்கும்?

இந்த முறையின் பலமே அதன் பலவீனமும்கூட. அதற்குத் தெரிந்தது நாம் கொடுத்த படம் மட்டும். ‘பொத்தான்’ என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

1280-க்கு 720 என்ற அளவில் பிடித்த படத்தை வைத்துக்கொண்டு 1920-க்கு 1080 திரையில் தேடினால், பொத்தான் ஒன்றரை மடங்கு பெரிதாகி நிற்கும், பொருந்தாது. அழுத்தச் சொல்லி மினுமினுக்கும் பொத்தான் ஒரு கணம் பொருந்தும், மறுகணம் பொருந்தாது. விளையாட்டின் மொழியை ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாற்றினால் பொத்தானின் மேல் இருந்த சொல்லே மாறிவிடும். தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ விளையாட்டு நிறுவனம் திரையை அலங்கரித்தால், மறுநாள் காலையில் மென்பொருள் குருடாகி நிற்கும்.

ஆனால் காணாமல் போவதைவிடத் தப்பாகக் கண்டுபிடிப்பதுதான் ஆபத்து. மதிப்பெண் எவ்வளவு வந்தால் ‘இதுதான்’ என்று ஒப்புக்கொள்வது? முழுப் பொருத்தத்துக்கு 1 என்று வைத்துக்கொண்டால், 0.95 என்று கறாராக இருந்தால் உண்மையான பொத்தானையே தவறவிடும். 0.6 என்று தாராளமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வரும். இந்த எல்லையை எங்கே வைப்பது என்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் சோதித்துத்தான் வைக்க வேண்டும்.

மேலே சொன்ன வேக உத்திகளே சில சமயம் குழி பறிக்கும். பச்சை நிற ‘ஏற்கிறேன்’, சிவப்பு நிற ‘மறுக்கிறேன்’ இரண்டும் ஒரே வடிவில் இருந்தால், சாம்பல் நிறப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதேபோல, வெளிச்ச வேறுபாட்டைப் பொருட்படுத்தாத கணக்குமுறை ஒன்றைப் பலரும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். திரையின் ஒளி கூடினாலும் குறைந்தாலும் அது ஏமாறாது என்பது நன்மை. ஆனால், இப்போது அழுத்த முடியாது என்று காட்ட மங்கலாக்கி வைத்திருக்கும் பொத்தானுக்கும் அது முழு மதிப்பெண் போட்டுவிடும். கண்ணுள்ளவருக்கு இது சிரிப்பு. ரிங்கிட் கொடுத்து வைரக்கல் வாங்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும் விளையாட்டில், திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்கு இது சிரிப்பல்ல.

படத்தைப் பொருத்துவதற்குப் பதிலாக எழுத்தைப் படிக்கலாம் என்பது மாற்று வழி. எழுத்துணரி மென்பொருள்களில் பழையதான ‘டெசராக்ட்’ 1980களில் எச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தமிழையும் படிக்கும். ஆனால், அச்சுத்தாளின் நேரான எழுத்துக்குப் பழகியது அது. நெருப்புப் பற்றி எரிவதைப் போலவும் பொன்னை உருக்கி ஊற்றியதைப் போலவும் எழுதுவதில் விளையாட்டு ஓவியர்களுக்கு அப்படியோர் ஆசை. அங்கே போய் டெசராக்ட் திணறும்.

பொத்தான் என்றால் என்ன?

அதனால்தான் ஆய்வாளர்கள், குறிப்பிட்ட ஒரு பொத்தானைக் காட்டித் தேடச் சொல்வதை விட்டுவிட்டு, ‘பொத்தான்’ என்ற கருத்தையே கணினிக்குக் கற்றுக்கொடுக்க முனைந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழுத்த குலையின் புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நிறத்தைப் பார், கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார் என்று பல குலைகளைக் காட்டிப் பழக்குகிறோம். பிறகு அவர் இதுவரை பார்த்தேயிராத மரத்தின் குலையையும் சரியாகச் சொல்வார்.

ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஐஓஎஸ் 14 பதிப்பில் சேர்த்த ‘திரை அறிதல்’ வசதி அப்படிப் பழக்கப்பட்டதுதான். 4,068 ஐபோன் செயலிகளிலிருந்து 77,637 திரைப் படங்களைச் சேகரித்து, அவற்றில் எது பொத்தான், எது எழுத்து, எது படம், எது நகர்த்தும் பட்டை என்று மனிதர்களைக் கொண்டு குறிக்கச் செய்து, நரம்பு வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தார்கள். இந்த விவரத்தை அந்த ஆய்வுக் குழுவே 2021இல் கட்டுரையாக வெளியிட்டது. எந்தப் பட்டியலும் இல்லாத செயலியைத் திறந்தாலும், கைப்பேசி தானே படத்தைப் பார்த்து, “இங்கே ஒரு பொத்தான் இருக்கிறது” என்று பார்வையற்றவருக்குச் சொல்லும். நடைபாதையில் ஓடு இல்லாத இடத்தில் கைப்பேசியே ஓடு பதித்துக்கொண்டு முன்னால் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினியிலும் இதற்கான முயற்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற நண்பர்கள் உருவாக்கிய ‘என்விடிஏ’ என்ற இலவசத் திரைவாசிப்பானில், 2017 முதல் திரைப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி இருக்கிறது. பட்டியல் தராத விளையாட்டைத் திறந்துவிட்டு, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், அந்தக் கணத்தில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும். அசையாத பட்டியல் திரைக்கு அது போதும். ஓடும் சண்டைக் காட்சிக்குப் போதாது.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புனேயில் வளர்ந்து, 14 வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்த கணினி அறிஞர் டி.வி. ராமன். கூகிளில் சார்ல்ஸ் சென் என்பவரோடு சேர்ந்து அவர் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குச் செய்த ‘ஐஸ்-ஃப்ரீ’ திட்டம், கேள்வியையே தலைகீழாகத் திருப்பியது. வழுவழுப்பான கண்ணாடியில் 5 என்ற எண்ணின் பொத்தானைப் பார்வையற்றவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடிக்க வேண்டாம் என்றார் ராமன். விரலை எங்கே வைத்தாலும் அந்த இடமே 5. அங்கிருந்து இடது மேல் பக்கம் இழுத்தால் 1, வலது கீழ்ப் பக்கம் இழுத்தால் 9. பொத்தானைத் தேடி விரல் போகாமல், விரலைத் தேடிப் பொத்தான் வருகிறது. கண்ணுள்ளவர்களுக்குத் தோன்றாத யோசனை. இத்தனை கோடி ஒப்பீடுகளைவிட எனக்கு இதுதான் அழகாகப் படுகிறது.

கை காட்டிக்கொடுக்கும்

இனி மூன்றாவது கூட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி நம் கோலாலம்பூரில், ஆக்சியாத்தா அரங்கில் நடந்தது. அவ்வளவு பணமும் புகழும் இருக்கும் இடத்தில் குறுக்குவழி தேடுவோர் இருக்கத்தான் செய்வார்கள். பெரும்பாலும் இவர்கள் செய்வது வீரசாகசமல்ல. தூங்கும் நேரத்தில் மென்பொருளை ஓடவிட்டு, அதே பொத்தானை ஆயிரம் முறை அழுத்தி, பொன்னும் புள்ளியும் சேர்ப்பதுதான்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு வந்த ‘கிளைடர்’ என்ற மென்பொருள் இதில் பேர்போனது. ஆட்டக்காரர் இல்லாமலேயே ஆடித்தரும் அந்த மென்பொருள், 2008 செப்டம்பர் வாக்கில் 1,20,000 உரிமங்கள் விற்று, 35 இலட்சம் அமெரிக்க டாலர் ஈட்டியிருந்தது என்பது நீதிமன்றப் பதிவு. விளையாட்டை நடத்திய பிளிசார்ட் நிறுவனம் நீதிமன்றத்தின் வழியாக அதை முடக்கியது. கிளைடர் படத்தைப் பார்க்கவில்லை; விளையாட்டின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்த்தது. நினைவகத்தைக் காவல் காக்க நிறுவனம் ‘வார்டன்’ என்ற காவலாளியை வைத்தது. எட்டிப் பார்த்தால் பிடிபடும் என்றானபோது, வாசலில் நின்று படத்தை மட்டும் பார்க்கும் முறை ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகப் போனது. படத்தைப் பார்ப்பது நினைவகத்தில் எந்தத் தடயமும் விடாது.

அதனால் நிறுவனங்கள் இப்போது கண்ணை விட்டுவிட்டுக் கையைக் கவனிக்கின்றன. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு விதியைக் கண்டறிந்தார். கை ஓர் இலக்கை எட்ட எடுக்கும் நேரம், இலக்கின் தூரம் கூடினால் கூடும். இலக்கு பெரிதானால் குறையும். அந்தக் காலத்தில் கணினித் திரை பரவலாகப் புழக்கத்தில் இல்லை. உலோகத் தகடுகளை ஊசிமுனையால் தொடச் சொல்லித்தான் அவர் சோதித்தார். விதி இன்றும் பொருந்துகிறது. மனிதக் கை வேகமாகப் புறப்படும், இலக்கை நெருங்கும்போது தயங்கும், சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பும். ஒரே இடத்தில் இரண்டு முறை தொடாது. ஒரு பொத்தானின் நட்டநடுப் புள்ளியை, சம இடைவெளியில், முந்நூறு முறை ஒருவர் தொட்டால் அவர் மனிதர் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாற்றம் சேர்ப்பதும், அந்தத் தடுமாற்றம் இயல்பானதா என்று நிறுவனம் அளப்பதுமாக இந்த ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் மிதிபடுவது யார்? கையசைவு குறைந்த ஒருவர் ஒற்றை விசையை வைத்து ஆடினாலும், பார்வையற்ற ஒருவர் பொத்தானைத் தேடித் தரும் உதவி மென்பொருளை வைத்து ஆடினாலும், தொடுதல் சரியாக நட்டநடுவில்தான் விழும். கையைப் பார்த்து எடைபோடும் காவலாளிக்கு அவரும் ஏமாற்றுக்காரரும் ஒன்று. பல விளையாட்டுகளின் விதிமுறைகள் தானாக அழுத்தும் வெளி மென்பொருள்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்கின்றன. யாருக்கு எதற்காக என்ற கேள்வியே அங்கே இல்லை.

இதற்கு விடை இன்னும் கூர்மையான கண் அல்ல என்பது என் கருத்து. நிறுவனங்களே உள்ளிருந்து ஓடு பதிக்க வேண்டும். அது முடியாத காரியமுமல்ல. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உதவி வசதிகள் இருந்தன. பார்வையற்றவர்கள் அதை முழுதுமாக ஆடி முடித்தார்கள். யூனிட்டி தன் 2023.2 பதிப்பில் கைப்பேசித் திரைவாசிப்பானுக்குப் பட்டியல் கொடுக்கும் வசதியைச் சேர்த்தது. விளையாட்டை எழுதுபவர் அதைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். ஏர்டெஸ்டுக்குப் பக்கத்தில் போகோ இருக்கிறதே, அதே கதை. சோதனை செய்யும் தன் ஊழியருக்குக் கொடுக்கும் பட்டியலை, பார்வையற்ற வாடிக்கையாளருக்குக் கொடுக்க மனம் வர வேண்டும்.

நம் வீட்டுக் கைப்பேசியில்

இவ்வளவும் யாருக்கோ நடப்பதைப் போலத் தோன்றலாம். ஆனால், இதே கண்ணும் கையும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் நுழையும் வழி ஒன்று இருக்கிறது. பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

விளையாட்டில் பொத்தானைத் தானாக அழுத்தித் தரும் செயலிகள் இணையத்தில் ஏராளம். ஆண்ட்ராய்டில் அவற்றை நிறுவியதும், பெரும்பாலும் முதலில் கேட்பது ‘அணுகல்தன்மை’ அனுமதி. உடற்குறை உள்ளவர்களுக்கென்று உருவாக்கப்பட்ட வாசல் அது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இந்த அனுமதி பெற்ற செயலி பயனருக்குப் பதிலாகத் திரையைத் தொடலாம். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் திரையைப் படமும் பிடிக்கலாம். கையால் தொட முடியாத ஒருவர் குரலாலோ ஒற்றை விசையாலோ கைப்பேசியை ஆள்வதற்கு இது வரப்பிரசாதம். ஆனால், அனுமதி விளையாட்டோடு நிற்பதில்லை. விளையாட்டை மூடிவிட்டு வங்கிச் செயலியைத் திறந்தாலும் அந்தக் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கை அழுத்தக் காத்துக்கொண்டுதான் இருக்கும். வங்கிச் செயலியில் ஓடு பதித்திருக்கிறதே, அங்கே பொத்தானைத் தேட வேண்டிய சிரமம்கூட இல்லை.

2019இல் வெளிப்பட்ட ‘செர்பெரஸ்’ என்ற தீநிரல் இப்படித்தான் வேலை செய்தது. அடுத்த ஆண்டு வந்த அதன் புதிய வடிவம், கூகிள் அதெண்டிகேட்டர் திரையில் தோன்றும் ஒருமுறைக் குறியெண்ணையே படித்துத் திருடக்கூடியதாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் நாட்டு அனுபவமும் கசப்பானதுதான். வீடு துப்புரவு செய்யும் நிறுவனங்களின் பெயரில் வந்த போலிச் செயலிகள், எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்ததை ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் அம்பலப்படுத்தியது. அவை குறுஞ்செய்தியில் வரும் குறியெண்ணைத் திருடியவை. அதே ஆண்டு செப்டம்பரில், குறுஞ்செய்திக் குறியெண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. வங்கி மாறலாம். கண்ணையும் கையையும் நாமே திறந்து கொடுத்துவிட்டால் எந்தக் குறியெண்ணும் காப்பாற்றாது.

கூகிள் 2022இல் ஆண்ட்ராய்டு 13 பதிப்பில் ஒரு தடுப்பு வைத்தது. அதிகாரபூர்வக் கடைக்கு வெளியே, புலனக் குழுவில் வந்த ஏபிகே கோப்பு போன்றவற்றிலிருந்து நிறுவிய செயலி, எளிதாக இந்த அனுமதியைப் பெற முடியாது. எளிதாக என்றுதான் சொல்கிறேன். அமைப்புகளுக்குள் போய் அந்தத் தடுப்பை நீக்க வழி இருக்கிறது, மோசடிக்காரர்கள் அதைப் படம் போட்டு விளக்கியும் விடுவார்கள். சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்டில், வெளியிலிருந்து நிறுவிய செயலி ஆபத்தான அனுமதியோடு இருந்தால் தன் செயலியைத் திறக்கவே விடாமல் தடுத்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். வங்கி பின்வாங்கவில்லை.

பிள்ளையின் கைப்பேசியை வாங்கி, அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குள் போய்ப் பாருங்கள். ‘நிறுவப்பட்ட செயலிகள்’ என்றோ ‘பதிவிறக்கிய செயலிகள்’ என்றோ ஒரு பட்டியல் இருக்கும். கைப்பேசியோடு வந்த டாக்பேக் போன்றவை அங்கே இருந்தால் கவலையில்லை. பெயர் தெரியாத ஒன்று இயங்கும் நிலையில் இருந்தால், யார் வைத்தது, எதற்கு என்று திட்டாமல் கேளுங்கள். “கேமுக்கு” என்ற பதில் வரக்கூடும். அனுமதியை அணைத்துவிட்டு, செயலியை நீக்குங்கள். அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலியும் இருந்து, கணக்கில் பணம் நகர்ந்திருந்தால், உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும்.